துளை சிறுத்தால் துப்பாக்கி சாதுவாகிவிடாது

ஸ்லோவாக்கியாவில் பார்ட்டிசான்ஸ்கே என்றொரு சிறுநகரம். செருப்புத் தொழிற்சாலையால் வளர்ந்த ஊர். அங்கே ஒரு கடையில் பழைய செக்கோஸ்லோவாக்கிய ராணுவத்தின் 'விஇசட் 58' ரைபிள்கள் சட்டப்படியே விற்பனைக்கு இருந்தன. ரவை பாயாது, சத்தம் மட்டும் வரும்படி குழலுக்குள் அடைப்பு வைத்து மாற்றப்பட்டவை. சினிமாக்காரர்களுக்கும் பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கும் என்று சொல்லி விற்றார்கள். வாங்க வருபவருக்கு 18 வயது நிரம்பியிருந்தால் போதும். துப்பாக்கி உரிமம் எதுவும் கேட்கப்படவில்லை. 2015 ஜனவரி 9 அன்று பாரிஸின் 'இப்பர் காஷேர்' யூதப் பலசரக்குக் கடைக்குள் புகுந்து 4 பேரைச் சுட்டுக் கொன்றவனிடம் இருந்த ரைபிள்கள் இந்தக் கடையின் வழியே போனவை என்று விசாரணையில் தெரியவந்தது. 'ஷார்லி எப்தோ' பத்திரிகை அலுவலகத் தாக்குதலில் தொடங்கிய அந்த மூன்று நாள்களில் மொத்தம் 17 உயிர்கள் போயின.

சத்தத் துப்பாக்கி மறுபடியும் கொலைத் துப்பாக்கியாவதற்குப் பெரிய தொழிற்சாலை எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் ஐரோப்பாவை உலுக்கிய செய்தி. அடுத்த ஆண்டு ஜூலை 22 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் 9 பேரைக் கொன்ற இளைஞனின் கைத்துப்பாக்கியும், செயலிழக்கச் செய்யப்பட்டு நாடகத்துக்கான பொருளாகி, பிறகு உயிரூட்டப்பட்டு, இணையத்தின் இருட்டுச் சந்தையில் கைமாறியதுதான். அதிலும் ஸ்லோவாக்கிய முத்திரை இருந்தது.

சத்தத் துப்பாக்கிகளை உரிமமின்றி விற்கவிட்ட சட்ட ஓட்டை அடைபட்டதும் வணிகர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் நம் கவலை தொடங்குகிறது. அவர்கள் கடையை மூடவில்லை. துப்பாக்கியின் கேலிபரை, அதாவது குழலின் துளை அளவை, மாற்றினார்கள்.

ஃபுளோபேர் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துப்பாக்கிக் கலைஞர் ஒருவரின் பெயர். 1840-களில் அவர் உருவாக்கிய குட்டித் தோட்டாவைச் செல்வந்தர்கள் வீட்டுக் கூடத்திலேயே பலகை வைத்துச் சுட்டு விளையாடினார்கள். இன்றும் 4 அல்லது 6 மில்லிமீட்டரில் அந்தத் தோட்டா கிடைக்கிறது. அப்போதைய ஸ்லோவாக்கியச் சட்டத்தில், ஃபுளோபேர் தோட்டா சுடும் ஆயுதம் 7.5 ஜூல் ஆற்றலுக்குள் இருந்தால் அது கட்டுப்பாடுகள் மிகக் குறைந்த வகையைச் சேர்ந்தது. உரிமம் வேண்டாம். ஆகவே ராணுவ ரைபிளையும் கைத்துப்பாக்கியையும் எடுத்து, ஃபுளோபேர் தோட்டாவை மட்டுமே ஏற்கும்படி மாற்றி, விளையாட்டுச் சாமான் என்ற வகையில் விற்கத் தொடங்கினார்கள். விஇசட் 58 ரைபிளின் இயல்பான தோட்டா 7.62 மி.மீ. குறுக்களவு கொண்டது, ஏறக்குறைய 2,000 ஜூல் ஆற்றலோடு பாயும். 2,000 எங்கே, 7.5 எங்கே? ஆனால் எஃகு உடல் அதே உடல். விசை அதே விசை. ரைபிள் மறந்துபோனது ஒன்றுமில்லை. வாங்கியவன் அதைத் திருப்பி அழைத்துவர நினைத்தால், சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத ஒரு பட்டறை போதும்.

பெல்ஜியத்தின் ஃபிளெமிஷ் அமைதி நிறுவன ஆய்வாளர்களும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார்கள். ஸ்லோவாக்கியாவும் பிற்பாடு சட்டத்தை இறுக்கியது. ஆனால் அதற்குள் விற்றுத் தீர்ந்தவை யாரிடம் இருக்கின்றன? உரிமம் கேட்காத பொருளுக்கு யார் பெயரில் பதிவு இருக்கும்?

பாம்பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள், பல் பிடுங்கிய பாம்புக்குப் பல் மறுபடியும் முளைக்கும் என்று. பெட்டிக்குள் பாம்பு இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு அதற்குப் பல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுமதிச் சீட்டு கொடுப்பதைத்தான் பல நாடுகளின் துப்பாக்கிச் சட்டங்கள் செய்துகொண்டிருக்கின்றன. குழலின் துளை இன்றைக்கு எவ்வளவு, செருகியிருக்கும் மேகசினில் இன்றைக்கு எத்தனை தோட்டா என்று அளந்து வகைப்படுத்துகின்றன. துப்பாக்கியோ, வகையிலிருந்து வகைக்கு ஒரு பிற்பகலில் தாவிவிடக்கூடிய பொருளாக மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

கேலிபர் என்றால் குழலின் உள்துளை விட்டம் என்பது பொதுவான விளக்கம். இந்த ஒற்றை அளவு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். குறிபார்த்துச் சுடும் பயிற்சியில் மாணவர்கள் பயன்படுத்தும் .22 தோட்டாவின் ஈயமும், நேட்டோ ராணுவங்களின் 5.56 மி.மீ. தோட்டாவின் ரவையும் குறுக்களவில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆற்றலிலோ முன்னதைப் போலப் பின்னது சுமார் பத்து மடங்கு. தோட்டாவின் நீளம், அதில் அடைத்த மருந்து, அது உட்காரும் அறையின் வடிவம், அந்த அழுத்தத்தைத் தாங்கும் இரும்பு இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு துப்பாக்கி எவ்வளவு கொடியது என்பதைத் தீர்மானிக்கின்றன. துளையை மட்டும் அளப்பவன் பாதியைக்கூட அளக்கவில்லை.

அமெரிக்காவுக்கு வருவோம். ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரு ரவை, அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும் என்ற செமி ஆட்டோமேட்டிக் வகையில் ஏஆர்-15-க்கு ஈடாகப் பரவிய ரைபிள் அந்நாட்டில் வேறில்லை. 1950-களின் பிற்பகுதியில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்தது. 1964 முதல் கோல்ட் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. இன்று இந்த வகை ரைபிள்கள் 2 கோடிக்கும் மேல் அங்கே புழங்குகின்றன என்று துப்பாக்கித் தொழில்துறையே பெருமையோடு கணக்குச் சொல்கிறது. இந்த ரைபிள் மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாகப் பிரியும். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு துப்பாக்கியின் உடற்கூட்டைத்தான் 'துப்பாக்கி' என்று கருதுகிறது. ஏஆர்-15-இல் நடைமுறையில் அது கீழ்பாதி. வரிசை எண் அதில்தான் இருக்கும். வாங்குபவரின் பின்னணியைச் சோதிப்பதும் அதற்குத்தான். குழலும் மேல்பாதியும் பெரும்பாலான மாநிலங்களில் தபாலில் வந்து வாசலில் இறங்கும் சாதாரணச் சரக்கு.

ஆக, ஒரே வரிசை எண்ணுள்ள துப்பாக்கி காலையில் .22, மதியம் 5.56, மாலையில் அதைவிடப் பெரிய ஒன்று என்று மாறலாம். இதற்கு அரசிடம் தனியே சொல்ல வேண்டியதில்லை. இதைக் குற்றம் என்றும் நாம் சொல்லவில்லை. மாற்றுகிறவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்களும் குறிசுடும் பொழுதுபோக்குக்காரர்களும்தான். .22 தோட்டா மலிவு, பயிற்சிக்கு நல்லது. மான் வேட்டைக்கு 5.56 போதாது, பெரிய ரவைதான் வேண்டும் என்று சில மாநிலங்களின் வேட்டை விதிகளே சொல்கின்றன. ஒஹாயோ, மிச்சிகன் போன்ற இடங்களில் குறிப்பிட்ட பகுதிகளில் உறை மேலே குறுகாத நேர்ச்சுவர்த் தோட்டாக்களை மட்டுமே மான் வேட்டைக்கு அனுமதித்தார்கள். உடனே அந்த விதிக்குப் பொருந்தும்படி 2019-இல் வின்செஸ்டர் நிறுவனம் .350 லெஜெண்ட் என்ற புதுத் தோட்டாவைக் கொண்டுவந்தது. விதி எந்த அளவுகோலை வைக்கிறதோ, அதன் ஓரத்தை ஒட்டியே புதிய சரக்கு பிறக்கிறது. மான் வேட்டையில் இது தீங்கற்ற சாமர்த்தியம்.

மனிதர் விஷயத்தில் அப்படியல்ல. 2004-இல் கலிஃபோர்னியா .50 பிஎம்ஜி என்ற பெருந்தோட்டா ரைபிள்களைத் தடைசெய்தது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் இலக்கைத் துளைக்கக்கூடியது அது. சட்டத்தை எழுதியவர்கள் கேலிபரின் பெயரைச் சொல்லித் தடைசெய்தார்கள். சில ஆண்டுகளுக்குள் .50 ரைபிளால் புகழ்பெற்ற பாரெட் நிறுவனமே .416 என்றொரு தோட்டாவை உருவாக்கிவிட்டது. அதுவும் நெடுந்தூரம் சுடுவதற்கென்றே பிறந்த ரவைதான். ஆனால் சட்டம் பெயர் சொன்ன பொருள் அல்ல. எத்தனை மாதம் சட்டமன்றத்தில் விவாதித்தார்களோ தெரியாது; ஒரு குழலும் ஒரு தோட்டாவும் அந்த விவாதத்தைச் சுற்றிப் போய்விட்டன.

நியூசிலாந்தில் நடந்தது இன்னும் கசப்பானது. அங்கே செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதில் செருகியிருக்கும் மேகசினின் கொள்ளளவு தீர்மானித்தது. 7 தோட்டாவுக்கு மேற்படாத மேகசின் இருந்தால் சாதாரண உரிமம் போதும். பெரிய மேகசினைச் செருகிய கணத்தில் அது ராணுவ வகை, தனி அனுமதி தேவை. ஆனால் அந்தப் பெரிய மேகசினைக் கடையில் வாங்க உரிமமே வேண்டியதில்லை! 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரின் இரு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் இந்த இடைவெளி வழியாகத்தான் நடந்துபோனான். சாதாரண உரிமத்தில் ரைபிள். திறந்த சந்தையில் மேகசின். நாடாளுமன்றம் ஒரு மாதத்துக்குள், 119-க்கு 1 என்ற கணக்கில், ராணுவ பாணி செமி ஆட்டோமேட்டிக்குகளைத் தடைசெய்தது. அந்த ஓட்டையைப் பற்றிக் காவல் துறையினர் அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் அந்த வேகத்தைப் பாராட்டவும் மனம் வரவில்லை.

கேலிபர் மாற்றத்தில் சுடுபவருக்கே உள்ள ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2011-இல் அமெரிக்கத் தோட்டாத் தொழில்துறை அமைப்பு ஏற்றுக்கொண்ட .300 பிளாக்அவுட் தோட்டா 5.56-இன் பித்தளை உறையையே அடியாகக் கொண்டது. அதே மேகசினில் உட்காரும். ரவையோ பருத்தது. இரண்டு கேலிபரையும் வைத்திருப்பவர் அவசரத்தில் மாற்றி எடுத்தால், பருத்த ரவை சிறுத்த குழலுக்குள் சிக்கி, துப்பாக்கி முகத்துக்கு எதிரே வெடித்துச் சிதறும். இப்படி வெடித்த ரைபிள்களின் படங்கள் அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சிக் களங்களில் எச்சரிக்கையாகவே ஒட்டப்படுகின்றன. மேகசின்களுக்கு வெவ்வேறு நிறம் பூசுங்கள், பட்டை கட்டுங்கள் என்று அறிவுரை சொல்கிறார்கள். பட்டை கட்டித் தப்பிக்க வேண்டிய நிலைக்கு ஒரு பண்டத்தைச் சந்தையில் விடலாமா என்ற கேள்வியை அங்கே யாரும் உரக்கக் கேட்பதில்லை.

கேலிபர் மாற்றம் இன்று நேற்றுப் பிறந்ததல்ல. அதை ஆட்சிக் கொள்கையாகவே செய்து காட்டிய நாடு பிரிட்டிஷ் இந்தியா. ராணுவத்தின் .303 லீ என்ஃபீல்டு ரைபிள்களை எடுத்து, குழலின் உள்வரிகளை நீக்கி, .410 என்ற வழவழப்பான துளைக்கு மாற்றி, காவலர்களுக்கும் சிறைக் காவல் படைகளுக்கும் கொடுத்தார்கள். பார்வைக்கு ராணுவ ரைபிள். ஆனால் ராணுவத் தோட்டாவுக்கு அது உதவாது. கிளர்ச்சிக்காரர்கள் அதைப் பறித்துக்கொண்டு போனாலும் பட்டாளத்தின் தோட்டாப் பெட்டி அவர்களுக்குப் பயன்படக் கூடாது என்ற காலனியக் கணக்கு அது. சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் வட மாநிலக் காவலர்களின் தோளில் அந்த .410 மஸ்கட் தொங்கியது. இன்றைய இந்திய ஆயுத விதிகளின் அட்டவணையில் '.410 மஸ்கட்' என்ற பெயர் இன்னும் இருப்பதற்கு இதுவே காரணம்.

அரசே முறைப்படி கேலிபரை மாற்றும்போது என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. 1962 சீனப் போருக்குப் பின் கொல்கத்தாவை அடுத்த ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, அதே லீ என்ஃபீல்டு வடிவத்தை 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ப மறுபடி உருவாக்கியது. புதுத் தோட்டாவின் அழுத்தம் பழையதைவிட அதிகம். எனவே பழைய உடலில் புதுக் குழலைத் திருகி முடித்துவிடவில்லை. மேம்பட்ட எஃகில் புதிதாகவே செய்தார்கள், கூடுதல் மருந்து வைத்துச் சுட்டுச் சோதித்து முத்திரையிட்டார்கள். 2ஏ, 2ஏ1 என்ற அந்த ரைபிள்களை இன்றும் சில காவல் நிலையங்களில் காணலாம். ஓர் அரசுத் தொழிற்சாலை இவ்வளவு எச்சரிக்கையோடு செய்த வேலையைத்தான் உலகின் பல மூலைகளில் தகரக் கொட்டகைப் பட்டறைகள் ஒரு கடைசல் இயந்திரத்தை வைத்துச் செய்கின்றன.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம், அமெரிக்கச் சட்டத்தைவிடப் பல விதங்களில் கெட்டியானது. ஆயுதம் என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்தில் உதிரிப் பாகங்களும், ஆயுதம் செய்யும் இயந்திரங்களும்கூட அடக்கம். குழலைத் தபாலில் வரவழைத்துக்கொள்ள இங்கே முடியாது. செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 3-லிருந்து 2-ஆகக் குறைத்ததுதான் நாளிதழ்களில் பெரிதாகப் பேசப்பட்டது. அதைவிட முக்கியமான ஒரு வரி யார் கவனத்தையும் ஈர்க்கவில்லை. துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்குவதையும், பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக்குவதையும் உரிமமின்றிச் செய்யக் கூடாது என்று பழைய 6-ஆம் பிரிவு சொன்னது. அதோடு, ஆயுத விதிகளில் உள்ள ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் கூடாது என்று சேர்த்தார்கள். மீறினால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. உலகின் பல சட்டங்களில் இல்லாத நல்ல வரி இது.

சிக்கல், அந்த வரி சுட்டும் 'வகை' என்பது என்ன என்பதில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளைப் புரட்டினால், வகைகள் பெருமளவும் கேலிபரை வைத்தே பிரிக்கப்பட்டிருக்கின்றன. .303 அல்லது 7.62 ராணுவத் தோட்டா ஏறும் ரைபிள் ஒரு வகை; .380, .455, 9 மி.மீ., .45 ஏறும் கைத்துப்பாக்கி ஒரு வகை. ராணுவத் தோட்டா ஏறினால் 'தடை போர்' (போர் என்பது துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்), ஏறாவிட்டால் 'தடையில்லா போர்' என்று உரிம அலுவலகக் குமாஸ்தாக்களும் துப்பாக்கிக் கடைக்காரர்களும் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். இந்தப் பாகுபாட்டின் வேர் காலனிய அச்சம்: பட்டாளத்தின் தோட்டா குடிமக்கள் கைக்குப் போய்விடக் கூடாது. ஒருவன் கையில் இருக்கும் கருவி எத்தனை பேரை எவ்வளவு வேகத்தில் கொல்லும் என்ற கேள்வி அந்த அச்சத்தில் இரண்டாம்பட்சம்.

.303 கூடாது என்றதும் என்ன வந்தது? .315 வந்தது. ராணுவத் தோட்டா ஏறாத, ஆனால் விட்டத்தில் சற்றே பெரிய அந்தக் கேலிபரில் ரைபிளை அரசின் ஈஷாப்பூர் தொழிற்சாலையே குடிமக்களுக்காகச் செய்து விற்றது. தோட்டாவையும் அரசுத் தொழிற்சாலைகளே செய்தன. சட்டப்படி அப்பழுக்கில்லாத ஏற்பாடு. ஆனால் உத்தரப் பிரதேசத்திலும் பிஹாரிலும் கள்ளப் பட்டறைகள் செய்யும் 'கட்டா' எனப்படும் நாட்டுக் கைத்துப்பாக்கி எந்தத் தோட்டாவுக்கு ஏற்பச் செய்யப்படுகிறது என்று அங்கத்திய எந்தக் காவல் ஆய்வாளரைக் கேட்டாலும் சொல்வார்: .315, இல்லாவிட்டால் 12 போர். எது உரிமக் கடையில் கிடைக்கிறதோ அதுதான் கள்ளப் பட்டறையின் அளவுகோல் ஆகிறது. தடையில்லாத கேலிபர் என்று நாம் பெயரிட்டதால் அந்தத் தோட்டாவுக்குக் கருணை வந்துவிடவில்லை.

தமிழ்நாட்டில் கதை வேறு. இங்கே கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் இன்னும் பிடிபடுவது பெரும்பாலும் வாய்வழி மருந்து திணிக்கும் நாட்டுத் துப்பாக்கிதான். அதற்குக் கேலிபரே கிடையாது. இரும்புக் குண்டோ சைக்கிள் பால்ரசோ கைக்குக் கிடைத்ததைப் போடுவார்கள். தானாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல் துறை அவ்வப்போது தண்டோரா போடுகிறது, சில துப்பாக்கிகள் ஊர்ப் பொது இடங்களில் வந்து விழுகின்றன. நல்ல முயற்சி. ஆனால் நாளைய ஆபத்து அந்தப் பக்கத்திலிருந்து வரப்போவதில்லை.

அது ஏர்கன் பக்கமிருந்து வரலாம். 0.177 அங்குலத் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர்கன்னுக்கு இந்தியாவில் உரிமம் வேண்டாம். விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். அப்படி வாங்கியதை வெடிமருந்தால் சுடும்படி மாற்றி, காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் குறிவைத்த வழக்குகள் தென் மாநிலங்களின் மலையோரங்களில் வந்தவண்ணம் இருக்கின்றன. கிறைஸ்ட்சர்ச்சோடும் பாரிஸோடும் இதை ஒப்பிடுவது மிகை என்று சிலர் சொல்லக்கூடும். அளவில் மிகைதான். ஆனால் மூன்று இடத்திலும் சட்டம் ஏமாந்த விதம் ஒன்று: கடையில் விற்கும்போது பொருள் எப்படி இருந்தது என்று பார்த்தார்கள், அது எதுவாக ஆகக்கூடும் என்று பார்க்கவில்லை.

இன்னொரு பக்கம், 2016 விதிகளுக்குப் பிறகு துப்பாக்கி உற்பத்தி தனியாருக்குக் கூடுதலாகத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் வெப்லி அண்ட் ஸ்காட் பெயரில் .32 ரிவால்வர்கள் தயாராகின்றன. ராணுவத்துக்கான ரைபிள்களைச் செய்யும் இந்தியத் தனியார் நிறுவனங்கள், ஒரே உடலில் பல கேலிபர் குழல்கள் பொருந்தும் வடிவமைப்புகளை விளம்பரப்படுத்துகின்றன. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் 7.62 மி.மீ. தானியங்கி ரைபிள்களைச் செய்கிறது. ராணுவத்துக்கு இது தேவை, அதில் மாற்றுக் கருத்தில்லை. களத்துக்குத் தக்கபடி குழலை மாற்றிக்கொள்வது ஒரு படைக்குப் பலம். ஆனால் ராணுவத்துக்கென்று பிறக்கும் வடிவம் பத்து இருபது ஆண்டுகளில் குடிமக்கள் சந்தைக்கு இறங்கிவருவதுதான் உலகெங்கும் நடந்திருக்கிறது. ஏஆர்-15-இன் வரலாறே அதுதான். அந்த நாள் இங்கே வரும்போது, '.315 தடையில்லை' என்று எழுதிய அட்டவணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்றுண்டு; அதை ஒதுக்கிவிட முடியாது. துப்பாக்கியின் உடலை மட்டும் பிடித்துக்கொண்டால் போதாது, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் உடலையே வீட்டில் அச்சிடுகிறார்களே என்கிறார்கள். உண்மை. அமெரிக்காவில் வரிசை எண் இல்லாத 'பேய்த் துப்பாக்கி'கள் பெருகியதற்குக் காரணமே, ஒரு பாகத்தில் மட்டும் சட்டம் கண்வைத்ததுதான். அரைகுறையாகச் செதுக்கிய உடலைப் பெட்டியில் வைத்து, மீதியை நீயே முடித்துக்கொள் என்று விற்றார்கள். அவற்றையும் துப்பாக்கியாகவே கருதலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளிக்க 2025 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஐரோப்பா நமக்கு நல்ல பாடம். 2015 நவம்பர் 13 அன்று பாரிஸ் மறுபடியும் தாக்கப்பட்டு ஐந்தாம் நாள் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்து, 2017-இல் நிறைவேறிய துப்பாக்கி நெறிமுறை இரண்டு காரியங்களைச் செய்தது. குழல், மேல் கீழ் உடற்கூடுகள், சிலிண்டர், பின்கதவு என்று எல்லா முக்கியப் பாகங்களையும் துப்பாக்கிக்குச் சமமாகவே வைத்தது. அதைவிடப் பெரிது இரண்டாவது: தானியங்கியாகப் பிறந்த துப்பாக்கியைச் செமி ஆட்டோமேட்டிக்காக மாற்றினாலும் அது தடைசெய்யப்பட்ட வகையிலேயே இருக்கும், சத்தத் துப்பாக்கியாக மாற்றினாலும் பழைய வகையை விட்டு இறங்காது. பிறப்பைப் பார், இன்றைய கோலத்தைப் பார்க்காதே என்ற கொள்கை. செக் குடியரசு இதை எதிர்த்து வழக்குப் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. வீட்டுக்கு வீடு ராணுவ ரைபிள் வைத்திருக்கும் மரபுள்ள சுவிட்சர்லாந்தில் அதே ஆண்டு மே மாதம் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்கள் இதை ஏற்றார்கள். அப்படியும் அந்த நெறிமுறையின் பட்டியலில் ஃபுளோபேர் என்ற பெயர் விடுபட்டுப்போனது. ஒரு பெயர் விடுபட்டதும் ஒரு சந்தையே அதற்குள் நுழைந்தது. பெயர் பெயராகப் பட்டியல் போடுவதன் பலவீனம் இதுதான்.

நாம் கேட்பது பெரிய புரட்சியல்ல. ஆயுத விதிகளின் முதல் அட்டவணையைத் திருத்தி, ஒரு துப்பாக்கி எந்தத் தோட்டாவுக்காக, எந்த இயக்கமுறையோடு முதலில் வடிவமைக்கப்பட்டதோ அதையே அதன் நிரந்தர வகையாக அறிவிக்க வேண்டும். பிறகு அதன் துளை சிறுத்தாலும் பெருத்தாலும், வாயே அடைக்கப்பட்டாலும் வகை இறங்கக் கூடாது. உரிமப் புத்தகத்தில் உடலின் எண்ணோடு குழலின் எண்ணும் பதிவாக வேண்டும். துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் பெற்றவர் குழலை மாற்றினால் அது தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் அன்றே ஏற வேண்டும். தரவுத்தளம் ஏற்கெனவே இருக்கிறது, ஒவ்வொரு உரிமதாரருக்கும் தனி எண்ணும் இருக்கிறது. ஆனால் ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை வழங்கப்பட்ட 2.78 லட்சம் உரிமங்களைப் பற்றி சிபிஐ விசாரிக்க நேர்ந்த நாடு இது. மனிதனுக்குக் கொடுத்த எண்ணே இப்படியென்றால், குழலுக்கு எண் கொடுப்பதை ஒரு குமாஸ்தாவின் நல்லெண்ணத்துக்கு விட முடியாது. ஆண்டுதோறும் துப்பாக்கியை நேரில் கொண்டுவரச் சொல்லி, குழலைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறோமே, தேர்தல் வரும் ஆண்டுகளில் அந்த நாள்களிலேயே இதைச் செய்துவிடலாம். கூடுதல் செலவு ஒன்றும் ஆகாது.

ஏர்கன் விற்பனைக்கு வாங்குபவரின் அடையாள ஆவணத்தோடு ஒரு பதிவேடு வைப்பதும், வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்த உடல் எதுவானாலும் அதை ஏர்கன் என்ற பெயரில் விற்கக் கூடாது என்று ஒரு வரி சேர்ப்பதும் மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கையில் முடிகிற வேலை. இதற்கு நாடாளுமன்றக் கூட்டத்தொடர்கூடத் தேவையில்லை.

விளையாட்டு வீரர்கள் அஞ்ச வேண்டாம். ஒலிம்பிக் அரங்கில் இந்தியாவுக்குப் பதக்கம் வாங்கித் தந்த விளையாட்டுகளில் துப்பாக்கி சுடுதல் முக்கியமானது, அவர்களுடைய .22 ரைபிளும் காற்று ரைபிளும் பிறக்கும்போதே அந்த அளவில் பிறந்தவை. வகை மாறாதவற்றுக்கு இந்தத் திருத்தத்தால் ஒரு தொல்லையும் இல்லை. ராணுவத்துக்குப் பிறந்து வேறு வேடம் போட்டு வருபவற்றைத்தான் வாசலில் நிறுத்தச் சொல்கிறோம்.

பிரான்ஸில் 17 பேரைப் புதைத்த பிறகு ஐரோப்பா சத்தத் துப்பாக்கி ஓட்டையை அடைத்தது. நியூசிலாந்து 51 பேரைப் புதைத்த பிறகு அடைத்தது. 6-ஆம் பிரிவில் நல்ல வரி ஒன்றை எழுதி வைத்திருக்கும் இந்தியா, அதற்கேற்ற அட்டவணையை எழுத யாரையும் புதைக்க வேண்டிய அவசியம் இல்லை. உள்துறை அமைச்சகம் ஆயுத விதிகளை இந்த ஆண்டே திருத்த வேண்டும்.